நெஞ்சுவலியும் மலைப்பாதையும்: கொடைக்கானலுக்கு ‘லீன்’ மருத்துவம் ஏன் தேவை?

அதிகாலை 1.30 மணி. கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர் பக்கம் ஒரு கிராமம். மலைப்பூண்டு போட்டிருக்கும் 55 வயது விவசாயி ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருகிறார். குளிரிலும் வியர்த்துக் கொட்டுகிறது. “வாயுவா இருக்கும், சோடா குடிச்சா சரியாயிரும்” என்கிறார். சோடா தேடி, வெந்நீர் வைத்து, தைலம் தேய்த்து 45 நிமிடங்கள் போய்விடுகின்றன.

வலி குறையவில்லை. ஜீப் வைத்திருப்பவரை எழுப்பிக் கிளம்ப 30 நிமிடம். பனிமூட்டத்தில் கொடைக்கானல் டவுன் வர 75 நிமிடம். மருத்துவமனையில் சீட்டுப் போட்டு இசிஜி எடுக்க 20 நிமிடம். அதைப் பார்த்து, யாரிடமோ போனில் கேட்டு, “கீழே கொண்டு போயிருங்க” என்று முடிவெடுக்க 25 நிமிடம். ஆம்புலன்ஸ் ஏற்பாடாக 40 நிமிடம். மதுரைக்கு சுமார் 120 கி.மீ.; மலை இறங்கிப் போய்ச் சேர மூன்றரை மணி நேரம். அங்கே மறுபடியும் சீட்டு, மறுபடியும் இசிஜி: இன்னொரு 30 நிமிடம்.

இது கற்பனைக் காட்சிதான். நிமிடங்களும் ஒரு கணக்குக்காக நாம் போட்டவை. ஆனால் மலையில் வாழ்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

இப்போது கூட்டிப் பாருங்கள். மொத்தம் 475 நிமிடம், கிட்டத்தட்ட எட்டு மணி நேரம். இதில் சாலையில் போனது 285 நிமிடம். மீதி 190 நிமிடம்? வண்டி ஓடாமல், சிகிச்சையும் நடக்காமல், யாரோ எதற்கோ காத்திருந்த நேரம். மூன்று மணி நேரத்துக்கும் மேல்!

‘ரோடு சரியில்லை, ஆஸ்பத்திரி தூரம்’ என்றுதான் நாம் வழக்கமாகச் சொல்வோம். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த 190 நிமிடங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதைப் பற்றிப் பேசும் சிந்தனை முறைக்குத்தான் ‘லீன்’ என்று பெயர்.

லீன் என்றால் என்ன?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானின் டொயோட்டா கார் நிறுவனத்தில் காசும் இல்லை, பெரிய கிடங்கும் இல்லை. இருப்பதை வைத்து நல்ல கார் செய்தாக வேண்டும். அங்கே பொறியாளராக இருந்த தைச்சி ஓனோ ஒரு எளிய கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்: நாம் செய்யும் வேலையில் எது வாடிக்கையாளருக்குப் பயன்படுகிறது, எது வீண்?

அவர் ஏழு வகை வீண்களைப் பட்டியல் போட்டார். காத்திருப்பு, தேவையில்லாத போக்குவரத்து, தேவையில்லாத நடை, தேவைக்கு மேல் இருப்பு, தேவைக்கு மேல் உற்பத்தி, தேவைக்கு மேல் வேலை, தவறுகளும் அவற்றைத் திருத்துவதும். 1980-களின் இறுதியில் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த முறைக்கு ‘லீன்’ என்று பெயர் வைத்தார்கள். கொழுப்பில்லாத, சிக்கென்ற உடல் என்று சொல்வோமே, அந்த அர்த்தம்.

ஐடி துறையில் இருப்பவர்களுக்கு இது அந்நியமே இல்லை. உங்கள் டீம் தினமும் பார்க்கும் ‘கான்பன் போர்டு’ டொயோட்டாவிலிருந்து வந்ததுதான்.

மருத்துவமனைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஓ.பி. வரிசையில் மூன்று மணி நேரம் நின்று மூன்று நிமிடம் டாக்டரைப் பார்ப்பது காத்திருப்பு. ஸ்ட்ரெச்சரைத் தேடி நர்ஸ் மூன்று மாடி ஏறுவது தேவையில்லாத நடை. காலையில் எடுத்த ரத்தப் பரிசோதனையை அடுத்த மருத்துவமனையில் மறுபடி எடுப்பது தேவைக்கு மேல் வேலை. காலாவதியாகி அலமாரியில் கிடக்கும் மருந்து தேவைக்கு மேல் இருப்பு. இதில் எதுவும் நோயாளியைக் குணப்படுத்துவதில்லை.

லீன் சொல்லும் வழியும் எளிமையானது. ஒரு நோயாளியின் பின்னாலேயே கடிகாரத்தோடு நடங்கள். எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம், எதற்காக என்று எழுதுங்கள். பிறகு, அந்த வேலையைச் செய்பவர்களையே உட்கார வைத்து, “இதை எப்படி மாற்றலாம்?” என்று கேளுங்கள். மேலதிகாரி எழுதும் சுற்றறிக்கையில் இருந்து தீர்வு வராது, வேலை நடக்கும் இடத்திலிருந்துதான் வரும் என்பது லீனின் அடிப்படை நம்பிக்கை.

மதுரை 1976-லேயே செய்துகாட்டியது

‘இதெல்லாம் ஜப்பானுக்குச் சரி, நம்ம ஊருக்கு ஆகுமா?’ என்ற கேள்விக்கு பதில் கொடைக்கானலிலிருந்து மலை இறங்கினால் வரும் மதுரையிலேயே இருக்கிறது.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கண் மருத்துவர் ஜி.வெங்கடசாமி, 1976-ல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 58. முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்திருந்தன. பார்வையிழப்பைத் தடுக்க லட்சக்கணக்கான கண்புரை அறுவைசிகிச்சைகள் தேவை, மருத்துவர்களோ குறைவு. மெக்டொனால்ட்ஸ் கடைகள் எப்படி எல்லா ஊரிலும் ஒரே தரத்தில், ஒரே வேகத்தில் இயங்குகின்றன என்பதை அவர் கவனித்தார். அந்த ஒழுங்கைக் கண் சிகிச்சைக்குக் கொண்டுவர முடியுமா என்று யோசித்தார்.

அரவிந்த் அறுவைசிகிச்சை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவைசிகிச்சை நடக்கும்போதே அடுத்ததில் அடுத்த நோயாளியை நர்ஸ்கள் தயார்படுத்தி வைத்திருப்பார்கள். முடிந்ததும் மைக்ரோஸ்கோப் அந்தப் பக்கம் திரும்பும். மருத்துவர் காத்திருக்கும் நேரம் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். இதனால் அங்கே ஒரு மருத்துவர் ஆண்டுக்கு சுமார் 2,000 அறுவைசிகிச்சைகள் வரை செய்ய முடிகிறது.

பலரும் இந்த வேகத்தை மட்டும் பார்க்கிறார்கள். இதற்கு அடித்தளம் கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்து வரும் இளம்பெண்கள். அவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்து, பார்வைப் பரிசோதனை, கண் அழுத்தம் பார்த்தல், அறுவைசிகிச்சைக்கு உதவி என்று பல வேலைகள் ஒப்படைக்கப்படுகின்றன. மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய வேலையை மருத்துவர் செய்கிறார். மற்றவை பயிற்சி பெற்ற மற்றவர்களிடம். நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை தர முடிவதற்கு இந்த ஏற்பாடு முக்கியக் காரணம்.

இலங்கையிலும் ஓர் உதாரணம் உண்டு. கொழும்பின் காசல் வீதி மகளிர் மருத்துவமனை, 2000-ம் ஆண்டு வாக்கில் ஜப்பானின் ‘5எஸ்’ முறையைக் கையில் எடுத்தது. வேண்டாததை அகற்று, இருப்பதை அதற்குரிய இடத்தில் வை, சுத்தம் செய், இதையே விதியாக்கு, பழக்கமாக்கு. இவ்வளவுதான் 5எஸ். கேட்க வீட்டைக் கூட்டிப் பெருக்குவது போல இருக்கும். ஆனால் ரத்தப்போக்கு ஏற்பட்ட தாய்க்கு மருந்து எடுக்க ஓடும் நர்ஸுக்கு, அது எந்த டிராயரில் இருக்கிறது என்று யோசிக்காமல் கை நீளுவதுதான் உயிர். அரசு மருத்துவமனையில் நடந்த இந்த மாற்றத்தை ஜப்பான் அரசின் உதவி அமைப்பு பல ஆப்பிரிக்க நாடுகளுக்கு முன்மாதிரியாகக் கொண்டுபோனது.

மாரடைப்பு: தமிழ்நாட்டில் என்ன நடந்தது?

இப்போது நம் மேல்மலை விவசாயிக்குத் திரும்புவோம். அவருக்கு வந்தது ‘ஸ்டெமி’ என்ற வகை மாரடைப்பு என்று வைத்துக்கொள்வோம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று முழுவதும் அடைத்துவிட்டது. அடைப்பு நீங்கும் வரை ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.

இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, கேத் லேப் உள்ள மருத்துவமனையில் ஆஞ்சியோபிளாஸ்டி செய்து குழாயைத் திறப்பது. இரண்டு, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி. முதல் வழிதான் சிறந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: மாரடைப்பு என்று இசிஜி-யில் உறுதியானதிலிருந்து சுமார் 120 நிமிடங்களுக்குள் அதைச் செய்ய முடிய வேண்டும். முடியாது என்றால், ஊசி போடத் தடை ஏதும் இல்லாதவர்களுக்கு இருக்கும் இடத்திலேயே ஊசியைப் போட்டுவிட்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் பார்ப்பது நல்லது என்று சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

கொடைக்கானலுக்கு இதன் அர்த்தம் என்ன? மதுரை மூன்றரை மணி நேரம். 120 நிமிடக் கணக்கு மலையில் ஒருபோதும் சரிவராது. அப்படியானால் முதல் சிகிச்சை மலையிலேயே தொடங்கியாக வேண்டும்.

கணக்கை மாற்றிப் போட்டுப் பார்ப்போம். வீட்டில் 45, ஜீப்புக்கு 30, கொடைக்கானலுக்கு 75. அதுவரை பழைய கணக்கேதான். ஆனால் வாசலில் இறங்கியதும், சீட்டுக்கு முன்பே, 10 நிமிடத்தில் இசிஜி. அதை போனில் இதயநோய் மருத்துவருக்கு அனுப்பி முடிவெடுக்க 10 நிமிடம். ஊசி போட 10 நிமிடம். மொத்தம் 180 நிமிடத்தில் சிகிச்சை தொடங்கிவிடுகிறது. முன்பு 475! மதுரைப் பயணம் இப்போதும் உண்டு. ஆனால் சிகிச்சைக்கு முன்பு இருந்த பயணம் சிகிச்சைக்குப் பின்பு போய்விட்டது. வீட்டிலேயே தாமதிக்காமல் உடனே கிளம்பியிருந்தால் இன்னும் குறையும்.

மலைப்பாதையின் ஒரு வளைவைக்கூட நிமிர்த்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தமிழ்நாட்டில் இதே யோசனை பெரிய அளவில் சோதிக்கப்பட்டிருக்கிறது. ‘ஸ்டெமி இந்தியா’ அமைப்பின் மருத்துவர்கள், 2012 முதல் 2014 வரை மாநிலத்தில் நான்கு மருத்துவமனைத் தொகுப்புகளை உருவாக்கினார்கள். கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனை நடுவில். அதைச் சுற்றிச் சிறிய மருத்துவமனைகள். சைக்கிள் சக்கரத்தின் குடமும் ஆரக்கால்களும் போல. இசிஜி மின்னணு முறையில் போகும், யார் யாரை அழைக்க வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கும், 108 ஆம்புலன்ஸும் இதில் சேர்ந்துகொள்ளும்.

2,420 நோயாளிகளைப் பின்தொடர்ந்த இந்த ஆய்வு 2017-ல் ‘ஜாமா கார்டியாலஜி’ இதழில் வெளியானது. ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஊசி போட்ட பிறகு ஆஞ்சியோகிராம் வரை போய்ச் சேர்ந்தவர்கள் கணிசமாகக் கூடியிருந்தார்கள். இது ‘முன்பு - பின்பு’ ஒப்பீடு என்பதால் முழுப் பெருமையையும் ஒரே காரணத்துக்குக் கொடுத்துவிட முடியாது. ஆனால் நூறு பேரில் மூன்று பேருக்கு மேல் கூடுதலாக உயிரோடு இருக்கிறார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை.

2023-ல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டமும் இதே பாதையில் இன்னொரு படி. மாரடைப்பு அறிகுறியுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ வருபவருக்கு, ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் என மொத்தம் 14 மாத்திரைகள் முதலில் கொடுக்கப்பட்டு, பிறகே மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார். எந்த மருந்து, எத்தனை என்று நடுராத்திரியில் யோசிக்க வேண்டியதில்லை. முன்பே எண்ணி முடிவு செய்தாகிவிட்டது. இதுதான் லீன் சொல்லும் ‘தர நிர்ணய வேலை’.

கயிற்றை யார் இழுப்பது?

லீன் என்றதும் பலர் நேரக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். அதன் மறுபாதி டீம்வொர்க்.

டொயோட்டா தொழிற்சாலையில் அசெம்ப்ளி லைன் நெடுகிலும் ஒரு கயிறு இருக்கும். ஏதாவது தப்பு என்று பட்டால், நேற்று சேர்ந்த தொழிலாளிகூட அதை இழுக்கலாம். உடனே மேற்பார்வையாளர் ஓடி வருவார். அங்கேயே சரிசெய்ய முடியாவிட்டால் லைன் நின்றுவிடும். இழுத்தவரை யாரும் திட்ட மாட்டார்கள், நன்றி சொல்வார்கள்.

நம் மருத்துவமனைகளில் அந்தக் கயிறு இருக்கிறதா? சீனியர் டாக்டர் தவறான மருந்தின் பெயரைச் சொன்னால், புதிதாகச் சேர்ந்த நர்ஸ் “சார், ஒரு நிமிஷம்” என்று சொல்ல முடியுமா? மனதைத் தொட்டு பதில் சொல்லுங்கள்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வர்ஜீனியா மேசன் மருத்துவமனை, 2002-ல் டொயோட்டா முறையை முழுவதுமாக ஏற்றுக்கொண்டது. தவறைக் கண்ட ஊழியர் யாராக இருந்தாலும் வேலையை நிறுத்தலாம் என்ற எச்சரிக்கை முறையையும் கொண்டுவந்தது. அப்படியும் 2004-ல் ஒரு துயரம் நடந்தது. பார்ப்பதற்கு ஒன்றுபோல இருந்த, பெயர் எழுதப்படாத கிண்ணங்களில் நிறமற்ற திரவங்கள். அவற்றில், எக்ஸ்ரே சாயத்துக்குப் பதிலாகக் கிருமிநாசினி ஊசி வழியாகச் செலுத்தப்பட்டு ஒரு நோயாளி இறந்தார்.

அந்த மருத்துவமனை இதை மூடி மறைக்கவில்லை. தன் தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ‘யார் செய்தது?’ என்ற கேள்வியோடு நிற்காமல், ‘இப்படி நடக்க எது இடம் கொடுத்தது?’ என்று கேட்டது. ஒருவரைத் தண்டித்துவிட்டு, ஒரே மாதிரிக் கிண்ணங்களை அப்படியே விட்டிருந்தால் அடுத்த நோயாளிக்கும் அதே ஆபத்துதானே?

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட அறுவைசிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலும் இதே வகைதான். 19 கேள்விகள், ஒரே பக்கம். மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், நோயாளி அறையை விட்டுப் போகும் முன் என மூன்று முறை எல்லோரும் நின்று சரிபார்க்க வேண்டும். டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது, இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்தன. அந்தப் பட்டியலில் ஒரு வரி: அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். பெயர் சொல்லிப் பேச ஆரம்பித்தவர், பிறகு சந்தேகம் வந்தாலும் வாய் திறப்பார் என்பதுதான் காரணம்.

போனில் நான்கு வரி

மலையில் டீம் என்பது ஒரே கட்டிடத்தில் இருப்பதில்லை. கிராம சுகாதார செவிலியர் ஓரிடத்தில், டூட்டி டாக்டர் இன்னோரிடத்தில், 108 பைலட் வளைவுகளுக்கு நடுவில், இதயநோய் நிபுணர் சமவெளியில். அவர்களை இணைப்பது ஒரு போன் கால். அந்தப் போனில் தகவல் சிதறினால் எல்லாம் சிதறும்.

இதற்கு மருத்துவமனைகளில் நான்கு வரி முறை ஒன்று உண்டு. அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களில் தொடங்கி மருத்துவத்துக்கு வந்தது. நிலை, பின்னணி, மதிப்பீடு, வேண்டுகோள். நம் விவசாயிக்காக ஒரு நர்ஸ் பேசினால் இப்படி இருக்கும்:

நிலை: “சார், கேஷுவாலிட்டியில இருந்து பேசுறேன். 55 வயசு ஆண், ராத்திரி ஒன்றரைக்கு ஆரம்பிச்ச நெஞ்சுவலி.”

பின்னணி: “சுகர் இருக்கு, மாத்திரை சாப்பிடுறார். ஸ்ட்ரோக், ரத்தக்கசிவு எதுவும் வந்ததில்ல. சமீபத்துல ஆபரேஷனும் இல்ல.”

மதிப்பீடு: “இசிஜி-ல எஸ்.டி. ஏறியிருக்கு. பி.பி. 110/70. ஹார்ட் அட்டாக்னு நினைக்கிறேன்.”

வேண்டுகோள்: “இசிஜி அனுப்பிட்டேன். இப்பவே பார்த்துட்டு, ஊசி போடலாமான்னு சொல்லுங்க சார்.”

முப்பது நொடி. “சார், ஒரு பேஷண்ட் வந்திருக்காரு, கொஞ்சம் சீரியஸா இருக்கு...” என்று தொடங்கும் அழைப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசி வரிதான் முக்கியம். ‘நினைக்கிறேன்’, ‘சொல்லுங்க’ என்று நர்ஸ் தன் கருத்தைச் சொல்லவும் முடிவைக் கேட்கவும் இந்த முறை உரிமை கொடுக்கிறது. படிநிலை பலமாக இருக்கும் நம் ஊரில் அந்த உரிமைக்கு மதிப்பு அதிகம்.

மலைக்கு மலையின் கணக்கு

1845 வாக்கில் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டியபோது, பெரியகுளம் பக்கமிருந்து நடைபாதையில்தான் ஏற வேண்டும். நடக்க முடியாதவர்களை ஆட்கள் சுமந்து வந்தார்கள். இன்று வத்தலக்குண்டு பக்கமிருந்து ஏறும் லாஸ் காட் சாலை, முதல் உலகப் போர் தொடங்கிய 1914-ல்தான் முடிந்தது. ஆனால் அந்தப் பழைய பாதைச் சரிவில் இருக்கும் வெள்ளகெவி போன்ற கிராமங்களில், அதற்கு நூறு ஆண்டுகள் கழித்தும் நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி வரும் காட்சிகள் செய்தியாகின.

ஆகவே சாலை வேண்டாம், லீன் போதும் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. சாலை போட வேண்டிய இடத்தில் சாலைதான் போட வேண்டும். சாலை உள்ள இடத்தில், அது முடியும் இரு முனைகளிலும் என்ன நடக்கிறது என்பதே லீனின் கேள்வி.

சில பதில்கள் தமிழ்நாட்டில் ஏற்கெனவே உண்டு. பழங்குடியினர் வாழும் மலைப் பகுதிகளுக்காக ‘பிரசவ காத்திருப்பு அறைகள்’ அமைக்கப்பட்டிருக்கின்றன. பிரசவ தேதிக்குச் சில நாட்கள் முன்பே கர்ப்பிணி அங்கே வந்து தங்கிவிடலாம். காத்திருப்பு வீண் என்று சொல்லும் லீன் இதை ஏற்குமா? தாராளமாக ஏற்கும். வலி வந்த பிறகு மலைப்பாதையில் காத்திருப்பது ஆபத்து. வலி வரும் முன்பே மருத்துவமனை அருகில் காத்திருப்பது பாதுகாப்பு.

2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இன்னொன்று. பி.பி., சுகர் மாத்திரைக்காக மாதாமாதம் ஒரு நாள் கூலியை விட்டு பஸ் ஏறுவது நோயாளிக்கு வீண். மாத்திரை வீட்டுக்கு வந்தால் அந்த நாள் மிச்சம். மாத்திரையை விட்டுவிடுவதும் குறையும்.

விபத்து சிகிச்சைக்கான மாநிலத் திட்டத்தில், வருபவர்களை வரிசைப்படி பார்க்காமல் சிவப்பு, மஞ்சள், பச்சை என அவசரத்தின் அளவுப்படி பிரிக்கும் முறை வந்திருக்கிறது. ஆம்புலன்ஸ் கிளம்பும்போதே மருத்துவமனைக்குத் தகவல் சொல்வதும் அதில் உண்டு. மலை இறங்கும் நேரம் முழுவதும் கீழே ஆயத்தம் நடக்கலாமே!

ஆனால் டொயோட்டாவின் ஒரு பழக்கத்தை மலைக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது. ‘தேவைப்படும்போது மட்டும் பொருள் வரட்டும்’ என்பது அவர்கள் கொள்கை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து மரம் விழுந்தால் மலைச்சாலை அடைபடும். மே மாதத்தில் வண்டிகள் நகராது. 2024 மே 7 முதல் இ-பாஸ், 2025 ஏப்ரல் முதல் வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்ற உச்சவரம்பு எல்லாம் நீதிமன்ற உத்தரவால் வந்ததே இந்த நெரிசலால்தான். எனவே ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, பாம்புக்கடி மருந்து, ஆக்சிஜன் ஆகியவை மலையில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்க வேண்டும். மலையில் அந்த இருப்பு வீண் அல்ல, காப்பு.

ஆள் குறைப்புக்கு லீன் என்று பெயர் வைக்காதீர்கள்

‘லீன்’ என்ற சொல்லைக் கேட்டாலே ஊழியர்களுக்கு பயம் வருவது நியாயம்தான். சில நிர்வாகங்கள் செலவைக் குறைக்கவும் ஆட்களைக் குறைக்கவும் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கின்றன. ஆனால் டொயோட்டாவின் அகராதியில் வீணுக்குச் சமமாக இன்னொரு குற்றமும் இருக்கிறது: ‘முரி’. ஆள் மீதோ இயந்திரம் மீதோ தாங்க முடியாத சுமையை ஏற்றுவது. ராத்திரி ஷிஃப்டில் ஒரே நர்ஸ் இரண்டு வார்டு பார்த்தால், அது லீன் இல்லை, முரி.

2000-களில் தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவங்கள் பெருகியதற்கு ஒரு முக்கியக் காரணம், ஷிஃப்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் மூன்று நர்ஸ்கள் நியமிக்கப்பட்டு, 24 மணி நேரமும் கதவு திறந்திருந்ததுதான். சில நேரம் நல்ல தீர்வு என்பது ஆளைக் கூட்டுவது.

உலகம் முழுவதும் லீன் முயற்சிகளின் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில மருத்துவமனைகளில் நன்றாக வேலை செய்தது. சிலவற்றில் சுவரில் ஒட்டிய போஸ்டரோடு நின்றது. ஊழியர்களின் பேச்சைக் கேட்காத இடத்தில் எந்தப் பட்டியலும் வெறும் காகிதம்தான்.

நாம் என்ன செய்யலாம்?

அந்த 190 நிமிடங்களில் 75 நிமிடங்கள் நோயாளியின் வீட்டிலேயே போனதைக் கவனித்தீர்களா? அது நம் கையில் இருக்கிறது.

* நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் சோடா தேடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். பெண்களுக்கும் சுகர் உள்ளவர்களுக்கும் வலி இல்லாமல் வெறும் சோர்வு, குமட்டல் போலவும் வரலாம்.
* வலி ஆரம்பித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் முதலில் சொல்ல வேண்டிய தகவல் அதுதான்.
* வீட்டுப் பெரியவர்கள் சாப்பிடும் மாத்திரைகள், அலர்ஜி, முந்தைய ஆபரேஷன் விவரங்களை உங்கள் போனில் வைத்திருங்கள்.
* இன்னொரு மருத்துவமனைக்கு அனுப்பினால் இசிஜி, ரிப்போர்ட்களை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். என்ன மருந்து, எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று எழுதி வாங்குங்கள்.
* வலியோடு தானே வண்டி ஓட்டிக்கொண்டு மலை இறங்க வேண்டாம். நடுவழியில் சிக்னலும் இருக்காது, உதவியும் இருக்காது.
* கொடைக்கானலுக்கு டூர் போகிறீர்களா? தங்குமிடத்திலிருந்து 24 மணி நேர மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் ஆம்புலன்ஸ் வந்தால் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நில்லுங்கள்.

நீங்கள் மருத்துவமனையில் வேலை செய்பவர் என்றால் நாளைக்கே ஒன்று செய்யலாம். பெரிய திட்டம், பட்ஜெட் எதுவும் வேண்டாம். ஒரு நோயாளி, ஒரு நோட்டு, ஒரு கடிகாரம். வாசலில் இறங்கியதிலிருந்து முதல் மருந்து உள்ளே போகும் வரை அவர் பின்னாலேயே நடங்கள். நின்ற இடத்தையெல்லாம் எழுதுங்கள். சாயங்காலம் அதை டாக்டர், நர்ஸ், லேப் டெக்னீஷியன், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், சீட்டு எழுதுபவர் எல்லோரும் சேர்ந்து பாருங்கள். முதல் பத்து நிமிடத்தை எப்படிக் குறைக்கலாம் என்பதை, அநேகமாக, அந்த ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர்தான் சொல்வார்.